பதினொரு முறை

நான் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்.
நிமிடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் சொற்கள்
என் விரல் வழியே போகும்.
எதுவும் தங்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

மின்னிஃபீல்ட் மற்றும் பிறர், எதிர், மாநிலச் செயலர்.
மின்னிஃபீல்ட் செத்து நாலு வருஷமாகிறது.
வழக்கின் பெயரில் மட்டும்
இன்னும் காலூன்றி நிற்கிறார்.
அன்று கூண்டேறியது
'மற்றும் பிற'ரில் மூன்றாவது ஆள்:
அர்லீதா ஸ்டால்வொர்த், அறுபத்திரண்டு,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
டாலிவர் கவுண்டி, அலபாமா.

திரையில் வரைபடம்.
ஆற்றோரக் கரிசலில் தொடங்கும் தொகுதி
ஒரு வாலை நீட்டி,
நெடுஞ்சாலை தாண்டி,
கோழி வெட்டும் ஆலைக்குப் பின்னால் நுழைந்து,
கறுப்பர் தெருக்களை மட்டும்
சட்டியில் ஒட்டியதைக் கரண்டியால் வழிப்பதுபோல்
வழித்துக்கொண்டு திரும்புகிறது.

கோல் கோடினால் மன்னனுக்குப் பழி.
இங்கே கோடே கோடியிருந்தது,
பழிக்கு ஆளில்லை.
மென்பொருள் வரைந்தது என்றார்கள்.

நிறம் பார்க்கவில்லை, கட்சிதான் பார்த்தோம்
என்றார் அரசுத் தரப்பு நிபுணர்.
இரண்டையும் பிரித்துக் காட்டுவது வாதியின் பொறுப்பாம்.
பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் ஒன்றைப்
பிடித்து வந்து சத்தியம் வாங்கியிருக்கலாம்.

அரசு வழக்கறிஞர் பண்பானவர்.
தண்ணீர் வேண்டுமா என்று முதலில் கேட்டார்.
பிறகு,
"சமூகம், சமூகம் என்கிறீர்களே அம்மா,
அதை வரையறுக்க முடியுமா?"

"முதல் நிறுத்தம் ஐந்து ஐம்பது.
ப்ரூயிட் வீட்டு இரட்டையர். ஒருத்திக்கு ஆஸ்துமா.
அடுத்தது செம்மண் மேடு. மழை பெய்தால் டயர் புதையும்,
மனுக் கொடுத்து எட்டு வருஷம்.
அதற்கடுத்து மூன்று வீடுகள்.
கழிவுநீர் கொல்லையிலேயே திறந்து ஓடும்,
பையன்கள் பலகை போட்டுத் தாண்டி வருவார்கள்.
அப்புறம்..."

"அம்மா, கேள்விக்குப் பதில்."

"அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தொரு நிறுத்தம்.
உங்கள் கோட்டைத்
தினமும் காலையில் பதினொரு முறை தாண்டுகிறேன்.
ஒரு முறைகூட வண்டி குலுங்கியதில்லை."

யாரோ சிரித்தார்கள்.
(சிரிப்பு) என்று அடித்தேன், அதற்கு வழி உண்டு.
அதன் பின்னால் வந்ததற்கு
என் இயந்திரத்தில் விசை இல்லை.

தீர்ப்பு நூற்றெண்பத்தேழு பக்கம்.
கோடு செல்லாது.
அறுபத்துநான்காம் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்,
'ஸ்டால்வொர்த் சாட்சியம் காண்க.'
அன்றிரவு அவர் வீட்டு முன்னால்
புல்லிலெல்லாம் கார்கள்,
கெளுத்தி மீன் பொரிக்கும் வாசனை
ஆலை வரைக்கும் வந்ததாகக் கேள்வி.

பதினெட்டாம் நாள்
மேலிடத்திலிருந்து ஒரே பத்தி. கையெழுத்து இல்லை.
தீர்ப்பு நிறுத்திவைக்கப்படுகிறது.
தேர்தல் நெருங்கிவிட்டது.

தேர்தல் எப்போது நெருங்காமல் இருந்தது?

இதை நான் சொல்லக்கூடாது.
சுருக்கெழுத்தாளருக்கு அபிப்பிராயம் கிடையாது,
சத்தியம் செய்திருக்கிறேன்.
என் வீடு கோட்டின் இந்தப் பக்கம்,
நான் கேட்காமலே எனக்குக் கிடைத்த பக்கம்.
என் தெருவுக்குத் தார் போட்டிருக்கிறார்கள்.
அதையும் பதிவு செய்யலாம்.

நவம்பர், இருட்டு இன்னும் விலகவில்லை.
வேலைக்குப் போகும் வழியில்
முன்னால் ஒரு மஞ்சள் பேருந்து.
பக்கவாட்டில் சிவப்புப் பலகை விரிகிறது: நில்.
இரண்டு திசையிலும் எல்லா வண்டியும் நிற்க வேண்டும்.
அந்தச் சட்டத்தை
இன்னும் யாரும் நிறுத்திவைக்கவில்லை.

சாலையைக் கடக்கும் சிறுமிக்கு
நடுவில் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது.
இங்கேதான் எங்கேயோ கோடு.
பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிகிறாள்.
கண்ணாடியில் அர்லீதாவின் கண்கள்
அவள் மேல்தான். என்னைத் தெரிந்திருக்காது.

முதல் முடிச்சு நழுவுகிறது.
மறுபடி போடுகிறாள்.
எனக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.