குண்டான்

வந்தவர்கள் எல்லாரும்
செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றினார்கள்.
அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆரணிச் சித்தப்பா காலண்டரைப் பார்த்தபடி
"நல்ல சாவு, படுக்கையில கெடந்து நாறல" என்றார்.
நாற்பத்தொரு வயசு அவளுக்கு.
வாலாஜா மச்சினி மூன்று நாள் சமைத்தாள்.
நான்காம் நாள் நான் குளிக்கப் போன நேரம்
புடவைகளை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.
என் கண்ணில் படக்கூடாதாம்.

டெப்போவில் ஏகாம்பரம்
திருப்பத்தூர் நைட் டியூட்டியை மாற்றிக்கொடுத்தான்.
நல்லவன்.
ஆனால் நான் போனதும்
டீக்கடையில் சிரிப்பு நின்றுவிடுகிறது.
"சாப்ட்டியா?"
"ம்."
பிறகு இருவரும் பஸ் டயரையே பார்க்கிறோம்.

தாமோதரன் வரவேயில்லை.
காகிதப்பட்டறையில் ஒருநாள் என்னைக் கண்டு
மெடிக்கல் ஷாப்புக்குள் ஏறிக்கொண்டான்.
எதுவும் வாங்காமல்
நான் கடக்கும்வரை நின்றதைக்
கண்ணாடியில் பார்த்தேன்.
கோபமில்லை.
அவன் அம்மா செத்தபோது
நானும் சந்து மாறிப் போனவன்தான்.

ஒருவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை.
அந்தப் புண்ணியவதி, என்றார்கள்.
அது போயிடுச்சு, என்றார்கள்.
குணவதி என்ற நாலெழுத்து
கூடத்தில் குறுக்கே கிடப்பதுபோல
மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.
மகளும்கூட.

இருபத்தெட்டாம் நாள். கத்திரி வெயில்.
சத்துவாச்சாரி முழுக்கக் கரண்ட் இல்லை.
எதிர்வீட்டு ஷம்ஷாத் அக்கா
கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.
"குணா என் இட்லி குண்டான வாங்கினு வந்து
ரெண்டு மாசம் ஆவுது. எங்க வெச்சிகீறா?
சீட்டுத் துட்டு வேற முந்நூறு பாக்கி.
கேட்டா நாளைக்கி நாளைக்கின்னு
பல்லக் காட்டுவா, கள்ளி."

சொன்ன பிறகுதான்
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சிரித்தேனாம். மகள் சொன்னாள்.
எனக்கு நினைவிருப்பதெல்லாம்
முட்டி போட்டு நாங்கள் மூவரும்
அடி அலமாரியைக் குடைந்தது.
குண்டான் இருந்தது.
உள்ளே வெங்காயத் தோல், ரப்பர் பேண்ட்,
ஆற்காடு மக்கன்பேடா டப்பா ஒன்று,
பாகு காய்ந்து ஒட்டிய காலி டப்பா.
சர்க்கரைக்காரி.
மாத்திரையை நான்தான் எண்ணிக் கொடுப்பேன்.

"பாத்தியா அவ வேலைய" என்று
அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
குண்டானை மடியில் வைத்துக்கொண்டு
சாயங்காலம்வரை போகவில்லை.

கிளம்பும்போது
சட்டைப் பையில் பணம் இருந்தது.
கொடுக்கவில்லை.
"நாளைக்கி" என்றேன்.