ஒம்பதரை மணிக் கொலை

சோமனூருக்கு வடக்கே
பன்னிரண்டு தறி ஓடும் கொட்டகை.
உள்ளே பேச்சு கேட்காது.
உதட்டைப் பார்த்துத்தான் நாயம்.
ஊடை அறுந்ததும், டீ வந்ததும்,
யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது என்பதும்
வாயசைவிலேயே வந்து சேரும்.

சுவரில் ஒரு டிவி,
முதலாளி கிட்டுச்சாமி கிரிக்கெட்டுக்காக மாட்டியது.
ராத்திரி ஒம்பதரை, டீ நேரம்,
தங்கமணி மகன் போனிலிருந்து போட்டுவிட்ட தொடர்.
கால்மணி நேரம்தான். அதற்குமேல் கிட்டுச்சாமி அணைத்துவிடுவார்.

முதல் நாளே அந்தப் பெண் செத்துக்கிடந்தாள்
கல்குழித் தண்ணீரில், முகம் கவிழ்ந்து.
அது ஆச்சு நாற்பது நாள்.
போலீஸ்காரன் இன்னும்
காரோட்டிக்கொண்டிருக்கிறான்.

"இத்தன நாளைக்கு நானா இருந்தா
பழனிக்கு நடந்தே போயிட்டு வந்திருப்பனுங்க."
தார் சுற்றும் தங்கமணிக்கு ஆத்திரம்.
"ஒரு கேள்வி கேக்கறான். சன்னலப் பாக்கறான்.
சன்னலுக்கு வெளிய மழை பேயுது.
மழையா வந்து கொன்னுச்சு?"

பாவு பிணைக்கும் மாரப்பன் சிரிப்பார்.
இரண்டாயிரத்து நானூறு இழை,
ஒவ்வொன்றாய் முடிச்சுப் போட்ட விரல்கள் அவருக்கு.
"அவசரப்படாத ஆளுங்கம்மிணி அவன்.
ஒரு எழ உட்டுப்போச்சுன்னா
துணி பூரா கோடு உழுகுமல்லொ."

கிட்டுச்சாமி சம்சாரம் சிவகாமி
இரண்டாம் நாளே தீர்ப்புச் சொல்லியாயிற்று:
"சித்தப்பன்தான்.
எழவு ஊட்டுல ரெண்டாந்தடவ ரசம் கேட்டான் பாருங்க."

ஒடிசாப் பையன் பிபினுக்குத் தெரிந்த தமிழ்
நாடா, நூல், சனிக்கிழமை, சம்பளம்.
அவன் டாக்டரைக் காட்டுவான்,
தன் விரலிலிருந்து
இல்லாத மோதிரத்தைக் கழற்றுவான்,
கை கழுவுவான்,
மறுபடி மாட்டுவான்.
எங்களுக்கு ஒன்றும் விளங்காது.

எனக்கு எல்லார்மேலும் சந்தேகம்.
கீழே ஓடுகிற எழுத்து ஒன்று சொல்ல
உதடு வேறொன்று சொல்லியது.
ஊரே சேர்ந்து பொய் சொல்கிறது என்று
பதினைந்து நாள் நம்பியிருந்தேன்.
வேறு பாஷையில் எடுத்ததாம்.
தங்கமணி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நாற்பத்தோராம் நாள், கடைசிப் பாகம்.
கிட்டுச்சாமியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.
போலீஸ்காரன் கதவைத் தட்டக் கை தூக்கினான்.
கரண்ட் போய்விட்டது.

பன்னிரண்டு தறியும் நின்றன.
நின்ற பிறகும் நாங்கள்
கத்திக்கொண்டே இருந்தோம், பழக்கம்.
சித்தப்பன்! இல்லை, அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்!
சிவகாமி நூறு ரூபாய் பந்தயம் கட்டினாள்.
இருட்டில் ஒவ்வொரு குரலும்
யாருடையதென்றே தெரியவில்லை.
மாரப்பனுக்கு இவ்வளவு மெல்லிய குரலா?

அப்போதுதான் பூவாத்தா கேட்டாள்.
துணி மடிக்கிறவள்.
நாற்பது நாளில் ஒரு நாளும்
அபிப்பிராயம் சொல்லாதவள்.
"செத்துப்போச்சே, அந்தப் புள்ள,
அதும்பேரு என்னுங்க?"

சித்தப்பன் பேர் தெரியும்.
டாக்டர் பேர், கார் நம்பர்,
போலீஸ்காரன் வளர்க்கும் நாயின் பேர்கூடத் தெரியும்.

தங்கமணி "அதானுங்க..." என்று தொடங்கி
பாதியில் விட்டுவிட்டாள்.
கூரைத் தகரம் சூடு ஆறி
டிக் டிக்கென்றது.

கரண்ட் வந்தது.
ஒவ்வொரு தறியாய்ப் பிடித்து
கொட்டகை பழைய சத்தத்துக்குள் போனது.
டிவியில் டாக்டருக்கு விலங்கு.
பிபின் துள்ளிக் குதித்து மோதிர விரலை ஆட்டினான்.
சிவகாமி நம்பவில்லை, இன்னும் வாதாடினாள்,
வாய் மட்டும் தெரிந்தது.

நான் டிவியைப் பார்க்கவில்லை.
எதிரே பூவாத்தா
துணியை மடித்து, நீவி, மறுபடி மடித்து
தனக்குத்தானே ஒரு பேர் சொன்னாள்.
நிதானமாக,
உதடு ஒட்டிப் பிரிந்தது இரண்டு தரம்.

தொடரில்
அந்தப் பேரில் ஒருத்தருமில்லை.

மாரப்பனும் பார்த்துவிட்டார்.
கையிலிருந்த இரண்டு இழையை
முடிச்சுப் போடாமல்
அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.