கதியால்

வட்டாரம் நாலையும் அஞ்சையும் பிரிக்கிற கோட்டை
நேரில் நடந்து பார்த்து எழுதச் சொல்லி
விதானையாகிய எனக்குக் கடிதம்.
மதவடியில் தொடங்கி ஒழுங்கையோடு வளைந்து
வைரவர் கோவில் வீதியைக் குறுக்கே வெட்டி
சிவப்புக் கோடு நேரே புகுந்தது
இராசநாயகத்தாருக்கும் தவமலர் ரீச்சருக்கும் நடுவால்.

அந்த வேலி மல்லாகம் கோட்டுக்கு நல்ல பழக்கம்.
ஒன்றரை அடி.
விட்டு விட்டு இருபத்திரண்டு வருஷம்.
இரவில் கதியால் நடந்ததென்பது ரீச்சரின் வழக்கு,
கிளுவை தானாய்ச் சரிந்ததென்பது அவருடைய மறுமொழி.
இடையில் ஊரே எழும்பி ஓடியபோது
கொடிகாமத்துப் பள்ளிக்கூடமொன்றில்
இரண்டு குடும்பமும் ஒரே பானையில் உண்டதாம்.
திரும்பி வந்து
கூரை இருக்கிறதோ என்று பார்க்க முதல்
கதியாலை எண்ணினார்களாம்.

"விதானையார், கோடு பழைய கதியாலோட போகுதோ,
புதுக் கதியாலோடயோ?"

படத்தில் கோட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றர்.
பத்தாயிரத்தால் பெருக்கினேன்.
நிலத்தில் ஐந்து மீற்றர்.
ஒன்றரை அடி, கிணத்துக்கட்டு, முருங்கை,
ரீச்சரின் கோழிக்கூடு
எல்லாம் கோட்டுக்குள்ளே கிடந்தன.
இதை நான் சொல்லவில்லை.

மற்றப் படிவத்தையும் அன்றைக்கே நிரப்பினேன்.
இந்தப் பக்கம் முன்பு எட்டுப் பெயர், இப்போது இரண்டு.
அந்தப் பக்கம் ரீச்சர் மட்டும்.
பின்வளவு வீட்டில் பூட்டு.
பூட்டில் கறள்.
வயது பதினெட்டுக்கு மேல் யாருமில்லை என எழுதினேன்,
ஆடு ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

என் கையெழுத்துப் போட்ட தாள்கள்
கச்சேரிக்குப் போய், கொழும்புக்குப் போய்
எல்லா மாவட்டத்துத் தாள்களோடும் கூடி, வகுபட்டு,
மிச்சம் பார்க்கப்பட்டு
ஒரு நாள் பேப்பரில் நாலு வரியாய்த் திரும்பி வந்தன:
யாழ்ப்பாணத்துக்கு ஒரு கதிரை குறைவு.

கதிரையும் நடக்கும்,
கதியாலைப் போல, சத்தமில்லாமல்.
அதற்கு ஒருவரும் கோட்டுக்குப் போகவில்லை.
தேத்தண்ணிக் கடையில் அந்தப் பக்கத்தில்தான்
வடை சுற்றித் தந்தார்கள்.

வட்டார எல்லை வர்த்தமானியில் வந்த கிழமை
இராசநாயகத்தார் சைக்கிளை மதிலோடு சாத்தினார்.
"தவணை வாற செவ்வாய்.
அரசாங்கமே வேலியில கோடு போட்டிருக்கு.
ஒரு பிரதி, சீல் குத்தித் தரேலுமோ?"

ஓம் என்றேன்.
ரீச்சர் காலமையே வந்து
இரண்டு வாங்கிப் போய்விட்டா.