நூற்றில் பதினொன்று

நூற்றுக்குப் பதினொரு பேரை எடுப்பார்கள், ஹலீனா
என்றார் பசரெல்லி டீச்சர், வானிலை சொல்வதுபோல.
ஈரி நகரத்தில் வானிலை என்றால் பனிதான்.
வேறு செய்தி கிடையாது.

ஞாயிறு பத்து மணிப் பூசையில்
பாடகர் மாடத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன்.
கீழே தொண்ணூற்றாறு தலை.
தூணுக்குப் பின்னால் தூங்கும் கசிமிர்,
வாசலில் பூட்ஸ் பனியை உதறுகிற மூவர்.
ஆக, நூறு.
பதினொன்று என்றால் முன்னால் இரண்டே பெஞ்சு.
அதிலும் பிலாட் குடும்பமே ஒன்பது பேர்.
கைக்குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது.

மதிப்பெண்ணில் குறையில்லை.
இயற்பியலில் மட்டும் ஒரு பி,
வெள்ளைச் சட்டையில் காபிக் கறை மாதிரி.
அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவுப் பணிக்கு மாறிய நவம்பரில் விழுந்தது.
கஷ்டம் இருந்தால் கஷ்டத்தை எழுது என்கிறார் டீச்சர்.
யோசித்தால், தம்பி முட்டையைக் கருக்கிவிட்டு
சட்டியோடு வாசலுக்கு ஓடிப் பனியில் புதைத்ததும்
நாங்கள் சிரித்ததும்தான் வருகிறது.

கட்டுரைக் கேள்வி இது:
உன் விசுவாசம் சோதிக்கப்பட்ட ஒரு தருணம், அறுநூறு சொற்களில்.
அறுநூறு சொல் தாங்கும் சோதனை
எனக்கு வந்ததில்லை.
கடவுள் இருக்கிறாரா என்று
தவக்கால வெள்ளிகளில் மீன் பொரிக்கும்போது கேட்டுக்கொள்வேன்.
ஆலயத்தின் அடித்தளக் கூடம், நானூறு தட்டு,
முழங்கை வரை எண்ணெய்ப் பொட்டு.
பதில் வருவதற்குள் அடுத்த கூடை வந்துவிடும்.

இதை எழுதி, அழித்தேன்.
நடக்காத ஒரு நெருக்கடியை எழுதினேன்.
சாகாத ஒரு அத்தை அதில் செத்துப்போனாள்.
நன்றாகத்தான் வந்திருந்தது,
பயமாயிருந்தது.
கடைசியில் மீனையே அனுப்பினேன்.

கோர்மக் ஃபீனியும் விண்ணப்பித்திருக்கிறான்.
அவன் அப்பா அங்கே படித்தவர்.
பெரியப்பா பெயரில் அங்கே ஒரு மரப்பெஞ்சும் உண்டு.
என் அப்பாவிடம் சொன்னேன்.
பனி வாரும் லாரியின் சக்கரச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே
அந்தப் பெஞ்சில் மற்றவர்கள் உட்காரலாமா என்று கேட்டார்.
கேலியா, நிஜமா, தெரியவில்லை.

ஒரு ராத்திரி முழந்தாளிட்டேன்.
எனக்குக் கொடும் என்று ஆரம்பித்து
அங்கேயே நின்றுவிட்டேன்.
என் பெயர் உள்ளே போனால்
எவர் பெயரோ வெளியே வரும்.
பிலாட் குழந்தையின் காய்ச்சலுக்கு வேண்டிக்கொண்டபோது
அந்தக் காய்ச்சல் அடுத்த வீட்டுக்குப்
போக வேண்டியிருக்கவில்லை.
கழித்தல் உள்ள ஜெபம் எனக்குப் பழக்கமில்லை.
குளிர்ந்த தரையில்
கால் மரத்துப்போகும்வரை இருந்துவிட்டு
படுத்துக்கொண்டேன்.

முடிவு புதன்கிழமை, மாலை ஏழு மணிக்கு.

இன்று பூசை முடிந்து வெளியே வந்தால்
ஃபீனி வீட்டுக் கார் பனிச்சேற்றில் சுழல்கிறது.
பின்னால் கோர்மக் தோள் கொடுத்துத் தள்ளுகிறான்.
நானும் போய்த் தள்ளினேன்.
நகம் எல்லாம் கடித்துக் கடித்து
சதை தெரிந்தது அவனுக்கு.
'நீ எதை எழுதினாய்?'
'மீன்.'
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, நான் கேட்காமலே,
'நான் அந்தப் பெஞ்சைப் பற்றி எழுதவில்லை' என்றான்.
சக்கரம் பிடித்துக்கொண்டது.
இருவர் முகத்திலும் கறுப்புப் பனி.
அவன் அப்பா கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னார்,
என் பெயரைக் கொஞ்சம் தப்பாக.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது,
மாடத்திலிருந்து எண்ணினேனே,
அந்த நூறில்
என்னைச் சேர்க்கவேயில்லை.