பயனடைந்தோர் எண்ணிக்கை

இருபதாயிரம் கேட்டோம்.
பன்னிரண்டாயிரம் என்று சிவப்பு மையில் திருத்தி
கீழே ஒரு கையெழுத்து.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால்
அதுவும் திரும்பிப் போய்விடுமாம்.

வானியல் மன்றத்துக்கு நான் பொருளாளர்.
விண்மீன் பெயர் நாலுகூடத் தெரியாது,
பி.காம். என்பதால் பிடித்துப் போட்டார்கள்.

கீழக்குயில்குடி, சமணர் மலையடிவாரம்.
டவுன் வெளிச்சம் அங்கே குறைவு என்றாள் ரிஸ்வானா.
வேன் இரண்டு, ஐயாயிரத்து அறுநூறு.
தொலைநோக்கி ஓர் இரவு வாடகை மூவாயிரம்
(முன்பணம் அவள் அக்கா தந்தது, கணக்கில் வராது).
பரோட்டா நாற்பத்தைந்து பொட்டலம், இரண்டாயிரத்து எழுநூறு.
பிளெக்ஸ் நானூற்றைம்பது.
இருட்டில் யார் சார் பார்ப்பார்கள் என்றேன்.
போட்டோவில் பார்ப்பார்கள் என்றார் ஜெயசிங் சார்.
மிச்சம் இருநூற்றைம்பது இதர செலவு:
டார்ச் பேட்டரி, கொசுவத்தி,
ரசீது தராத டீக்கடை.

வானத்துக்கு வாடகை இல்லை என்று
அன்று காலை நான்தான் ஜோக்கடித்தேன்.

ஏழு மணிக்கு நாகமலைப் பக்கமிருந்து மேகம் வந்தது.
எட்டு. ஒன்பது.
தாமரைக் குளத்தில் தவளை கத்த
கோயில் முன்னால் முப்பது பேர்
பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

பத்தே காலுக்கு
ஆலமரத்தடியில் ஓட்டல்காரரோடு போனில் நிற்கிறேன்.
பில்லில் நாற்பத்தைந்து, பையில் நாற்பத்துநாலு.
எண்ணித்தாம்மா கட்டினேன்.
எண்ணித்தாண்ணே சொல்றேன்.
முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்,
அடேயப்பாவின் முதல் பாதி.
நான் திரும்புவதற்குள் மூடிக்கொண்டது.

வியாழன். பக்கத்தில் நாலு நிலா, ஒரே கோட்டில்.
பார்த்தது ஏழு பேர்.
எட்டாவது, வேன் ஓட்டி வந்த சோணைமுத்து அண்ணன்.
வரிசை கலைந்து கிடந்ததால் சும்மா குனிந்திருக்கிறார்.
திரும்பும் வழியில் ஹாரனே அடிக்கவில்லை.
புதுக்கோட்டை விலக்கில் மட்டும் கேட்டார்:
ஏம்மா, அது நெசமாவே அங்கன இருக்கா,
இல்ல, கண்ணாடிக்குள்ள ஒட்டி வச்சிருக்கா?

இன்று செலவுச் சான்றிதழ் நிரப்புகிறேன்.
பயனடைந்த மாணவர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம்.
நாற்பத்திரண்டு என்றால் தலைக்கு
இருநூற்று எண்பத்தைந்து ரூபாய் எழுபத்தோரு பைசா.
ஏழு என்றால் ஆயிரத்து எழுநூற்றுப் பதினாலு,
அதற்கும் மேல் சில்லறை.
எட்டு போட்டுப் பார்த்தேன்.
ஆயிரத்து ஐந்நூறு.
மிச்சமில்லாமல் வகுபடுகிறது.

கட்டத்தில் மாணவர் என்றுதான் அச்சடித்திருக்கிறது.
நாற்பத்திரண்டு என்று ஜெயசிங் சார்
பென்சிலில் லேசாக எழுதியே தந்திருக்கிறார்.

பேனா மூடியைத் திறக்கும்போது போன் சிணுங்குகிறது.
ஓட்டல்காரர் அறுபது ரூபாய் அனுப்பியிருக்கிறார்,
நீ சொன்னதுதாம்மா சரி.

இப்போது மொத்தமே பன்னிரண்டாயிரம் இல்லை.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
முதலிலிருந்து வகுக்கிறேன்.