இரண்டாம் ஷை

போன முறை எஃப்.
கேள்விகளுக்குள் லேசானது அதுதான்:
அயன் பிணைப்பு, பங்கீட்டு வலுப் பிணைப்பு,
வேறுபாடு நான்கு தருக.
மூன்று எழுதினேன்.
நான்காவதுக்கு விட்ட இரண்டு வரியில்
பேனை முனை ஊன்றிய ஒரு பொட்டு மட்டும்.

இப்போது நிலாவெளி உப்பளத்தில்
தராசடியில் நிற்கிறேன்.
மூட்டை ஏறும், முள் நடுங்கும், எழுதுவேன்.
வெயில் உச்சிக்கு வந்தால்
பாத்திப் பக்கம் பார்க்கேலாது,
கண்ணுக்குள் கண்ணாடித் தூள் கொட்டின மாதிரி.
மூட்டை இல்லாத நேரம் ரசீதுத் தாளின் முதுகில்
சோடியத்துக்குப் பதினொரு புள்ளி குத்துவேன்:
இரண்டு, எட்டு, பிறகு
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி ஒன்று.
குளோரீனில் ஒரே ஓர் இருக்கை காலி.

கொடுத்தது நேர். எடுத்தது மறை.
எனக்கு இதில் ஒரு வழக்கு இருக்கிறது.
தன்னிடமிருந்ததைக் குறைத்துக்கொண்டதற்கு
ஏன் கூட்டல் குறி?

தவசீலன் அண்ணா கட்டார் போகையில்
என் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன்.
அதற்குப் பிறகு அவருடைய வாய்ஸ் மெசேஜில்
‘எப்பிடி இருக்கிறாய்’ என்பதற்கு முன்னால்
ஒரு செருமல்.
நானும் கழுத்தைத் தடவிவிட்டுத்தான் பதில் போடுவேன்.
பழைய அண்ணா இல்லை அவர். பழைய நானும் இல்லை.
தண்ணீர் பட்டால் வெடிக்கும் உலோகமும்
மூச்சில் போனால் நெஞ்சை அரிக்கும் வாயுவும்
குணம் கெட்டுக்
குழம்புக்குள் இறங்குகிற மாதிரி.
நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை,
இழுவை இருக்கிறது.

நஸ்லிமா கிண்ணியாக்காரி.
அவளுக்கும் இது இரண்டாம் ஷை.
பாஸ்ட் பேப்பர் புத்தகம் ஒன்று,
பாதிப் பாதி போட்டு வாங்கினோம்.
வெட்டிப் பிரித்தால்
அவளுக்குக் கேள்வி வரும், எனக்கு விடை வரும்.
ஆகவே அது பஸ்ஸில் போய் வருகிறது.
திங்கள் அவளுக்கு, வியாழன் எனக்கு.
பாலம் தாண்டி வரும்போது
சேதன இரசாயனப் பக்கங்களில்
அவள் வீட்டுச் சம்பல் எண்ணெய்.
நான் திருப்பி அனுப்புவது உப்புத் தூளோடு.

நியாயம் சொன்னால்
புத்தகம் அவளிடம்தான் கூடுதலாக நிற்கிறது.
உனக்கு மின்னெதிர்த்தன்மை கூடவடி என்றால்
சிரிப்பாள், தர மாட்டாள்.
ஐதரசனும் ஐதரசனும் என்றால்
சரிசமமாய்ப் பங்கிடலாம்.
நாங்கள் ஒரே ஆள் இல்லையே.

நேற்று டவுன் பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடையில்
இரண்டு கிளாஸ் தண்ணீர் கேட்டோம்.
ஒன்றில் என் பையிலிருந்த உப்பு,
மற்றதில் மேசைச் சீனி.
நஸ்லிமா பற்றரி, வயர், குட்டி பல்ப்
எல்லாம் பென்சில் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தாள்.
‘என்ன பிள்ளையள், கரண்ட் களவோ?’ என்றார் கடைக்காரர்.

உப்பில் பல்ப் எரிந்தது.
நீரில் விழுந்ததும் கட்டு விட்டு
ஒவ்வொன்றும் தன் ஏற்றத்தைத் தூக்கிக்கொண்டு
தனித்தனியே நடந்திருக்கிறது.
சீனியும்தான் கரைந்தது,
ஆனால் பிரியவில்லை.
ஒவ்வொரு மூலக்கூறும் குடும்பத்தோடு, முழுசாக,
யாரிடமும் ஏற்றம் இல்லாமல்.
பல்ப் இருட்டு.
இருட்டு கிளாஸை நஸ்லிமா எடுத்துக் குடித்துவிட்டாள்.

இரவு ஒன்று வாசித்தேன்:
உப்பில் சோடிகள் இல்லை.
ஒரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரைட்டு,
அந்த ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு சோடியம்,
பாத்தி வரப்பு மட்டும், மூட்டை வாய் மட்டும்.
எது எதற்குக் கொடுத்தது என்று
அந்தச் சாலகத்தில் எங்கேயும் பதிவில்லை.

நாள் முழுக்க ரசீது கிழிப்பவள் நான்,
எனக்கு இது நம்பக் கஷ்டம்.
அண்ணாவுக்கு அனுப்பலாமென்று டைப் செய்தேன்.
அழித்தேன்.
பிறகு செருமலோடு ஒரு வாய்ஸ் போட்டேன்,
சாப்பிட்டீங்களா என்று.

நான்காவது வேறுபாடு
புத்தகத்தில் தொண்ணூற்றோராம் பக்கமாம்.
இன்று வியாழன்.
நாலு மணி பஸ்ஸும் போயிற்று,
புத்தகத்தைக் காணவில்லை.