ஈரக் கழிவு

கோத்தகிரி எடைக் கொட்டகை வரிசையில்
அம்மாவின் போனில் மறுபடி திறக்கிறேன்:
வெள்ளி மாலை ஐந்துக்குள் பணம் கட்ட வேண்டும்.

பெங்களூர்ப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே
பஸ் ஓடுமாம்.
ஒரு வகுப்பில் முந்நூற்றுப் பத்துப் பேர்.
"பேராசிரியர் திரையில் தெரிவார்,
அவருக்கு நாம் ஒரு நம்பர்" என்கிறாள்
முன்பே போன ஜெனிட்டா.
ராத்திரி இரண்டுக்கும்
ஆய்வகத்தில் லைட் எரியும் என்றதும் அவள்தான்.

ஊட்டிக் கல்லூரியில் இருபத்திரண்டு பேர்.
ஒரு நாள் வராவிட்டால்
புளோரன்ஸ் மிஸ் வீட்டுக்கே போன் போடுவார்.
போன சனிக்கிழமை பார்க்கப் போனேன்.
நுண்ணோக்கி ஒன்று.
பீரோ சாவி வர ஒரு மணி நேரம்.
லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் மிஸ்:
கண்ணாடி முழுக்கப் பூஞ்சை,
வெள்ளை இழை, கிளைக்குள் கிளை,
அவ்வளவு அழகு.
அது என்ன பூஞ்சை என்று பார்க்க
இன்னொரு நுண்ணோக்கி இல்லை.
மிஸ் சிரித்தார். நானும்.

இருபத்து மூன்று கிலோ.
மழை ஈரத்துக்கு இரண்டு கழித்து எழுதுகிறார்
கணக்குப்பிள்ளை.
அம்மா ஒன்றும் சொல்லாமல்
சாக்கை உதறுகிறாள்.

விடுதிச் செலவு, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத மதியங்கள்,
அம்மாவின் முழங்கால்.
இதில் எதை ஈரமென்று கழிப்பது?

போன் சார்ஜ் நான்கு சதவீதம்.
அந்தப் பூஞ்சைக்கு என்ன பேர்?